நாலு விரல் நுரை

வில்லாபுரம் கிருபாகரனோடு சினிமாவுக்குப் போவதை அவர் மனைவி டெய்சி என்றைக்கோ நிறுத்திவிட்டார். திரையில் நாயகி அழுதுகொண்டிருப்பாள், மனுஷன் எழுந்து போய்ப் பக்கவாட்டுக் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே பூட்டியிருந்தால் தொலைந்தது. "எவன்டா பூட்டுனது? உள்ள எண்ணூறு பேரு உக்காந்திருக்காக. தீப்பிடிச்சா உங்கப்பனா வந்து தெறப்பான்?" என்று மேனேஜர் அறை வரைக்கும் போய்க் கத்திவிட்டுத்தான் வருவார். பரோட்டாக் கடைக்குப் போனால் பரோட்டாவைப் பார்க்க மாட்டார், சிலிண்டர் அடுப்புக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்ப்பார். வண்டியூர்த் தெப்பத் திருவிழாவில் படிக்கட்டு வழியை அடைத்துக் கடை போட்ட பலூன்காரனோடு மல்லுக்கு நின்று, சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு வந்த கதையும் உண்டு.

மூக்கு மேல் கோபம் என்று ஊரே சொன்னது. பிறவியிலேயே வந்த கோபம் இல்லை அது. பசுமலையில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பியூனுக்கு மகனாகப் பிறந்து, அதிர்ந்து பேசாமல் வளர்ந்த பிள்ளைதான். விமானத்தளத் தீயணைப்பு வேலையில் சேர்ந்து, இருபத்தாறு வயதில் வடக்கே ஓர் ஊரில் இருந்தபோது, சண்டை விமானம் ஒன்று சக்கரம் இறங்காமல் வயிற்றாலேயே தரையில் தேய்ந்து வந்து நின்றது. விமானி உயிரோடுதான் இருந்தான். கண்ணாடி மூடிக்குள்ளிருந்து கையால் தட்டினான். கிருபாகரன் குழாயைத் திருப்பினார், நுரை வரவில்லை. உள்ளே அடைப்பு. காலையில் சோதித்தே பார்க்காமல் எவனோ 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். அடைப்பை எடுத்து நுரை வந்தபோது தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அன்றைக்கு வந்த கோபம் அதன்பிறகு அவரை விட்டுப் போகவே இல்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார், பைபிள் சங்கீதம் பாடினார்.

தொண்ணூறுகளில் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது. நாகமலை புதுக்கோட்டைக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டுப் போன சாலிக்குண்டு ஓடுதளம். நீளத்துக்குக் குறைச்சல் இல்லை, விமானத்துக்குத்தான் குறைச்சல். மந்திரிகளின் ஹெலிகாப்டர் எப்போதாவது வரும். பயிற்சிக்காரர்களின் சிறு விமானங்கள் வாரத்தில் இரண்டு நாள் வரும். ஒரு மேனேஜர், கோபுரத்தில் ரேடியோ பார்க்கும் சாய்குமார், தீயணைப்பில் நாலு பேர், ஒரு வண்டி. அவ்வளவுதான் சாலிக்குண்டு.

வண்டியில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் விமானத் தீ எண்ணெய்த் தீ, அதில் தண்ணீரை அடித்தால் தீ தண்ணீர் மேலேயே ஏறிப் படரும். நுரைதான் போர்வையாக மூடி மூச்சை அடக்கும். அதற்கான திரவம் ஐநூறு லிட்டர் வண்டியின் தொட்டியில் இருந்தது. காப்புக்கு இருக்க வேண்டிய மூன்று பீப்பாயும் காலி. பீப்பாய் கேட்டுக் கிருபாகரன் நாலு தடவை எழுதினார். "இங்க என்னய்யா வருது, காக்காயும் கொக்கும்தானே வருது?" என்று மேனேஜர் நாலு தடவையும் சிரித்தார். கிருபாகரன் நாலு தடவையும் கத்தினார். கத்தியதற்கு மெமோ வந்ததே தவிர பீப்பாய் வரவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஆயுத பூஜை வந்தது.

வருஷா வருஷம் அன்றைக்கு டியூட்டி கிருபாகரனுக்குத்தான். மற்றவர்கள் பூஜை முடித்து வீட்டுக்குப் போகட்டும் என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட டியூட்டி அது. வண்டியைக் கழுவுவார், வாழைக்கன்று கட்ட ஏணி பிடிப்பார், கற்பூரம் காட்டும்போது ஓரமாகக் கைகட்டி நிற்பார், பொரியும் சுண்டலும் வாங்கிச் சாப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் மேனேஜருக்கு மேலே இருக்கிற பெரிய அதிகாரி குடும்பத்தோடு மதுரைக்கு வந்திருந்தார். பூஜைக்கும் வந்துவிட்டார். பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. மேனேஜருக்கு வாலிருந்தால் ஆட்டியிருப்பார். இல்லாததால், "நுரை அடிச்சுக் காட்டுங்கப்பா, பிள்ளைங்க பாக்கட்டும்" என்றார்.

"சார், தொட்டியில இருக்கது மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு. அதுல கைவைக்கக் கூடாது" என்றார் கிருபாகரன். குரல் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது.

மேனேஜர் கோபப்படவே இல்லை. எல்லார் காதிலும் விழும்படிச் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு இது சாமி இல்ல கிருபா, எங்களுக்குச் சாமி. வருஷத்துக்கு ஒரு நாளு. அதுக்கும் குறுக்க நிக்காதீக."

கூடியிருந்த முப்பது பேரும் கிருபாகரனைத் திரும்பிப் பார்த்தார்கள். தியேட்டர்க்காரனுக்குப் பயப்படாத மனுஷன், மெமோவுக்குப் பயப்படாத மனுஷன், அந்த ஒரு பார்வைக்குப் பயந்துபோனார். நாளைக்கு இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தோன்றியது. வேறு ஆள், நம்ம பூஜையைக் கெடுக்கிற ஆள் என்று பேராகிவிட்டால் இத்தனை வருஷப் பழக்கம் என்னவாகும் என்று தோன்றியது. "பத்து செகண்டு சார்" என்றார்.

டிரைவர் மொக்கையன் மேலே ஏறிக் குழாயைத் திறந்தான். வெள்ளை நுரை புசுபுசுவென்று மைதானத்தில் கொட்டியது. பிள்ளைகள் குதித்து விழுந்து புரண்டன. பெரிய அதிகாரியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு படம் பிடித்தார். அது மாட்டுக் கொம்பையும் குளம்பையும் காய்ச்சி எடுக்கிற சரக்கு, வாடை அப்படித்தான் இருக்கும். "இன்னும், இன்னும்" என்று மேனேஜர் கைகாட்டிக்கொண்டே இருந்தார். பத்து செகண்டு நாலு நிமிஷம் ஆனது. கிருபாகரன் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கோடாரி, தகடு வெட்டும் கத்திரி, பெல்ட் அறுக்கும் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, ஆபீசுக்குப் பக்கத்து அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். மறுநாள் மறுபூஜை ஆகாமல் யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனார். கிருபாகரன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் போனபிறகு தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். நாலு விரல் நனைந்திருந்தது. அடித்தால் முக்கால் நிமிஷம் வரும்.

வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தார். குழம்பில் உப்பில்லை என்று கத்தினார். டெய்சி பள்ளிக்கூடத்து டீச்சர், எத்தனையோ கத்தல்களைப் பார்த்தவர். "கத்த வேண்டிய எடத்துல வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டு, இங்க வந்து எங்கிட்டக் கத்துறீகளாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமி. தீயணைப்பில் இரண்டு பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க லீவு. இருந்தது கிருபாகரனும் மொக்கையனும்தான். மறுபூஜைக்கு ஐயர் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவார் என்று மேனேஜரும் வீட்டிலேயே இருந்தார்.

பதினொன்றே காலுக்குக் கோபுரத்திலிருந்து சாய்குமார் போன் செய்தான். சாதாரணமாக அவன் பதறுகிற ஆள் இல்லை.

"அண்ணே, பட்டாளத்து ஜெட் ஒண்ணு நம்மகிட்ட வருதுண்ணே. ரெண்டு பேரு உள்ள. பாடம் சொல்லிக்குடுக்கிற ஆபீசரும், படிக்கிற பையனும். எடது சக்கரம் எறங்கல."

"பெரிய ஏர்போர்ட்டுக்குப் போகச் சொல்லு."

"அங்க ஓடுதளத்துல தார் போடுற வேலை நடக்குண்ணே, இந்த வாரம் பூராம் மூடியிருக்கு. அவுகளுக்கு எண்ணெய் இன்னும் இருபது நிமிஷத்துக்குத்தான்."

"குதிக்கலாம்ல?"

"கேட்டேன். கீழ ஊரா கெடக்கு, விட்டுட்டுக் குதிச்சா இது எவன் வீட்டு மேல விழும்னு தெரியாது, எறக்குறேன்னு சொல்லிட்டாரு. டவுன் தீயணைப்புக்கும் சொல்லிட்டேன். வந்து சேர முக்கா மணி நேரமாம்."

கிருபாகரன் போனை வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வண்டி. முக்கால் நிமிஷத்துக்கு நுரை. ஆகாசத்தில் இரண்டு உயிர். வடக்கே கண்ணாடியைத் தட்டிய கை கண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவனை இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாரே, இப்போது அந்த இடத்தில் தானே நிற்கிறோம் என்பது சுரீரென்று உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மொக்கையா, வண்டிய எடு!" என்று கத்திக்கொண்டு பூஜை அறைக்கு ஓடினார். பெரிய பூட்டு தொங்கியது. காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். உள்ளே சரஸ்வதி படம், விளக்கு, மாலை. இவர் காலால் அந்தக் கதவை உதைத்தால்? அந்தப் பாழாய்ப்போன பார்வை மறுபடியும் வந்து காலைப் பிடித்துக்கொண்டது.

மொக்கையன் பின்னால் வந்து அவரைத் தோளோடு தள்ளினான். "நகருண்ணே. எங்க சாமிதான, நான் பேசிக்கிறேன். கோடாரிய உள்ள பூட்டி வையின்னு அது எங்கிட்டச் சொல்லல." ஒரே உதை. தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே விழுந்தது. குனிந்து படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், மறு கையால் கோடாரியையும் கத்தியையும் அள்ளினான்.

வாழைக்கன்று ஆட, மாலை பறக்க வண்டி ஓடுதளத்துக்கு வந்தது. விமானம் தாண்டிப் போகிறவரை குறித்த இடத்தில் நின்றுவிட்டுப் பின்னால் துரத்த வேண்டும் என்பது சட்டம். துரத்துகிற நேரத்துக்குக் கிருபாகரனிடம் நுரை இல்லை. இடது சக்கரம் இல்லாத விமானம், வேகம் குறைந்ததும் இடது இறக்கை தரையில் படும், பட்டதும் இடது பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டு போகும். எங்கே போய் நிற்கும்? ஓடுதள ஓரத்தில் நட்டிருக்கும் மூன்றாவது அடையாளக் கல்லுக்கும் நாலாவதுக்கும் நடுவில் என்று அவருடைய அனுபவம் சொன்னது. அதற்கு நூறு கஜம் தள்ளிக் கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தப்பாகிப்போனால் விமானம் இவர்கள் மேலேயே வந்து ஏறும்.

"ரொம்பக் கிட்டக்க நிக்கிறோம்ணே" என்றான் மொக்கையன்.

"தெரியும். வாயை மூடிக்கிட்டு ஸ்டியரிங்கப் பிடி" என்று சீறினார்.

நாகமலைப் பக்கத்திலிருந்து விமானம் தாழ்ந்து வந்தது. வலது சக்கரமும் மூக்குச் சக்கரமும் தரையைத் தொட்டன. இடது இறக்கையை உயர்த்திப் பிடித்தபடி, ஒற்றைக் காலில் நொண்டுகிற பிள்ளை மாதிரி, பாதித் தூரத்துக்கு மேல் அந்த ஆபீசர் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு இறக்கை விழுந்தது. தீப்பொறி பறக்க ஒரு சுற்றுச் சுற்றி, செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு, மூன்றாவது கல்லைத் தாண்டி நின்றது. இறக்கையின் அடியில் எண்ணெய் ஒழுகியது. குப்பென்று பிடித்தது.

மண் அடங்குவதற்குள் மொக்கையன் வண்டியை இருபதடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். வண்டியின் கூரைமேல் ஏறிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த கிருபாகரன் தீயைப் பார்க்கவில்லை, ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் பார்த்தார். இருக்கிற நுரையை அங்கேதான் போர்த்த வேண்டும். அடித்தார். மனசுக்குள் எண்ணிக்கொண்டே அடித்தார். முன் இருக்கைப் பையன் மூடியைத் திறந்துகொண்டு குதித்துவிட்டான். பின் இருக்கை ஆபீசர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், பெல்ட் கழலவில்லை. நாற்பது எண்ணும்போது குழாய் இருமியது. நாற்பத்து மூன்றில் வெறும் தண்ணீர் வந்தது.

நேற்றுப் பிள்ளைகள் புரண்ட நுரையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். அது இல்லை. தீ நுரையைத் தின்றுகொண்டு இறக்கையிலிருந்து உடம்புப் பக்கம் ஏறியது. கிருபாகரன் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்து, விமானத்தின் மேல் ஏறினார். மொக்கையன் கீழே நின்று தண்ணீரை அவர் முதுகில் அடித்தான். பெல்ட்டை அறுத்து, அக்குளில் கைகொடுத்து இழுத்தபோது ஆபீசரின் வலது கை இருக்கையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்த அந்தச் சில நொடிகளில்தான் தீ வந்து அந்தக் கையைப் பிடித்தது. ஆபீசர் அலறினார். கிருபாகரனும் அலறினார், வலியில் இல்லை, கெட்ட வார்த்தையில்.

இரண்டு உயிரும் பிழைத்தன. ஆபீசரின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வெந்துபோனது.

கார்கில் சண்டை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். பட்டாளம் என்றால் ஊரே உருகியது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், ஆள் உயர மாலை வந்தது. மேனேஜர் வேட்டி மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்து, "எப்போதும் தயார் நிலையில் இருந்தோம்" என்று பேட்டி கொடுத்தார். தீ பட்ட கையில் கட்டோடு பக்கத்தில் நின்ற கிருபாகரன் பல்லைக் கடித்த சத்தம் சாய்குமாருக்குக் கேட்டதாம்.

நாலாம் நாள் மேனேஜர் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். "சம்பவத்தின்போது நுரைத்தொட்டி நிரம்பியிருந்தது. மீட்புப் பணியில் முழுவதும் செலவானது" என்று இருந்தது. "கையெழுத்துப் போடுங்க கிருபா. மெடலுக்கு எழுதியிருக்கேன். நீங்களும்தான அன்னைக்குச் சரின்னு சொன்னீக?"

கடைசி வார்த்தை குறி தவறாமல் பட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிருபாகரன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆபீசர் பெயர் விஜய்ஆனந்த், தமிழ்க்காரர்தான். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"சொல்லாதீக சார்" என்று கிருபாகரன் மறித்தார். "உங்க கை வெந்ததுக்கு நான்தான் காரணம். முந்தின நாளு பூஜையில நுரைய விளையாட்டுக்கு அடிச்சாக. நான் பாத்துக்கிட்டு நின்னேன். ஊருல எல்லாத்துக்கும் கத்துறவன், அன்னைக்கு மட்டும் வாயப் பொத்திக்கிட்டேன். நம்மள வேத்தாளா நெனச்சிருவாகளோன்னு பயந்துட்டேன். திட்டுங்க சார். நல்லாத் திட்டுங்க."

விஜய்ஆனந்த் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே சொன்னார். "அந்தச் சக்கரம் முந்தின நாளே தாமதமாத்தான் இறங்கிச்சு. மத்த ரெண்டுக்கும் மூணு நாலு செகண்ட் பின்னால. பதிவேட்டுல எழுதி வச்சிருந்தா விமானத்தைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஆயுத பூஜை. எல்லாத்துக்கும் மாலை போட்டு நிக்குது. மெக்கானிக்குங்க வீட்டுக்குக் கிளம்பி நிக்குறாங்க. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு நான் எழுதல."

கிருபாகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ரத்தம் தலைக்கு ஏறியது.

"யோவ்! படிச்சவருதானய்யா நீங்க? முன்னால ஒரு பிள்ளைய உக்கார வச்சுக்கிட்டு! அவனப் பெத்தவளுக்கு யாருய்யா பதில் சொல்லுவா? எழுதுறதுக்கு எம்புட்டு நேரமாகும்? ஒரு வரி! ஒரு வரி எழுதக் கை வரலையா? யாரு என்ன நெனப்பானோன்னு பயந்தா இந்த வேலைக்கு ஏன்யா வாரீக?" நர்சுகள் ஓடி வந்தார்கள். கிருபாகரன் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் ஓட ஓடக் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே, இந்த வார்த்தை ஒவ்வொன்றும் யாரைத் திட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து, மேனேஜர் கொடுத்த தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் கிருபாகரன் மேலிடத்துக்குத் தன் வாக்குமூலத்தை எழுதினார். காலியான பீப்பாய், நாலு நிமிஷ நுரை, பூட்டிய அறை எல்லாவற்றையும் எழுதினார். 'நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை' என்று முதல் வரியிலேயே எழுதினார். அழுத்திய அழுத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

விசாரணை நடந்தது. மேனேஜருக்கு வேறு ஊர், கூடவே பதவி உயர்வு. கிருபாகரனுக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட். மெடல் பேச்சு அதோடு போனது. நியாயம் என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்கு லீவில் இருந்தது. சஸ்பெண்டில் வீட்டில் இருந்தபோது ஒரு அஞ்சலட்டை வந்தது. இடது கையால் எழுதிப் பழகாதவரின் கோணல் எழுத்து. "நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விஜய்ஆனந்த்." இனி அவர் விமானம் ஓட்டப்போவதில்லை என்பது யாரும் சொல்லாமலே கிருபாகரனுக்குத் தெரிந்தது. அட்டையைப் பைபிளுக்குள் வைத்தார்.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. டியூட்டியைக் கிருபாகரன்தான் கேட்டு வாங்கினார். வாழைக்கன்று கட்ட ஏணி பிடித்தார், கற்பூரம் காட்டும்போது கைகட்டி நின்றார். கோடாரிக்கு வண்டியிலேயே வைத்துப் பொட்டு வைத்தான் மொக்கையன். காப்புப் பீப்பாய் மூன்றும் வந்திருந்தன, மூன்றுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். புது மேனேஜர் நல்ல மனுஷன்தான், கூட்டத்தில் பிள்ளைகளும் நிறைய. "கிருபா சார், இப்பத்தான் மூணு பீப்பாய் இருக்கே. சாமி காரியம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நுரை..." என்று ஆரம்பித்தார்.

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போன வருஷத்துப் பார்வைதான், எள்ளளவும் மாறவில்லை. கிருபாகரனின் பயமும் அப்படியேதான் இருந்தது.

"முடியாது" என்றார்.

அவர் கத்தவில்லை. மொக்கையன்தான் முதலில் போய்ப் பொரித் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கிருபாகரன் அளவுகோலை எடுத்துக்கொண்டு வண்டிமேல் ஏறினார்.